அடி என்றால் காலடி

தாகேதா, யாங்கோன்
9 ஜூன் 2025

மோகா,

பெண் பிள்ளைகள் மட்டையால் தள்ளி விளையாட நீ அனுப்பிய நீல ரப்பர் வளையங்கள் மார்ச்சிலேயே வந்து சேர்ந்துவிட்டன. பதில் போடவில்லை. போடக்கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிப் போனவனுக்கு நன்றிக் கடிதம் ஒன்றுதான் குறைச்சல். ராணுவப் பட்டியலில் பெயர் வந்தது, ஓடினாய், அதில் தப்பில்லை. கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அன்று காலை "மோகன் ஸயா எங்கே?" என்று கேட்ட பிள்ளைகளிடமெல்லாம் வாத்தியாருக்குப் பல்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அந்நேரம் கனடாவுக்குப் பாதி வழி போயிருப்பாய்.

இப்போது எழுதுவது வேறு வழியில்லாமல். போனில் எதுவும் பேச முடியாது, சந்திக்குச் சந்தி பிடுங்கிப் பார்க்கிறார்கள். லத்தா பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகர் சரக்கு எடுக்க பாங்காக் போகிறார். இதை அங்கிருந்து படம் பிடித்து உனக்கு அனுப்புவார். உன் பதிலும் அவர் துணி மூட்டையில்தான் வரவேண்டும்.

வளையங்களோடு நீ ஒரு வீடியோவும் அனுப்பினாய். நீ ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் பனிக்கூடத்தில் நின்றுகொண்டு பர்மிய மொழியில் நம் பிள்ளைகளுக்கு விளக்கினாயே, "ஸயாமா 'அடி'ன்னு கத்தினா காலை நல்லா மடக்கி, பக்கவாட்டில் நீளமா தள்ளணும். தமிழில் அடின்னா காலடி" என்று. என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதை நீ அழி. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காரணம் சொல்லாவிட்டால் நீ செய்யமாட்டாய், தெரியும். கேள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட்டிங் வகுப்பு. நம் அரிசிக் கிடங்கில் மழை ஒழுகாத பாதியில் ஹாக்கிப் பையன்களையும் வளையக்காரிகளையும் ஜோடி ஜோடியாகத் தூண்களைச் சுற்றி ஓட விட்டேன். ராஜிக்கு ஜோடி மின் தூ. ராஜியை உனக்குத் தெரியும், மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் மோஹிங்கா மீன்குழம்பு விற்கும் பவுனம்மாள் அக்காவின் பெண், அப்பா பர்மியர். பதினாறு வயது. சக்கரம் மாட்டினால் அவளை யாராலும் பிடிக்க முடியாது. மின் தூ புதியவன், கார் வியாபாரி ஊ சான் லின்னின் மகன். அப்பனுக்குச் சீருடைக்காரர்கள் எல்லாம் சிநேகிதம். பையன் நல்ல பலசாலி, புத்திதான் மட்டம். அவள் முந்தும்போதெல்லாம் மட்டையை அவள் கணுக்காலில் கோத்து இழுத்தான். "கலாமா" என்று துப்பினான். இந்தியக்காரி என்பதை எவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியுமோ அப்படி. இரண்டு தடவை முகம் குப்புற விழுந்து எழுந்தாள். மூன்றாவது சுற்றில் பயந்துபோய்க் காலைக் குறுக்கிக் குறுக்கி வைத்தாள். நான் கத்தினேன்: "அடி! ராஜி, அடி!"

அடித்தாள். காலையும்தான். முழு வேகத்தில் வந்து தோளை அவன் விலாவில் கொடுத்தாள். அவன் பறந்து போய் இரும்புத் தூணில் மோதினான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தொடையெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியதில் சக்கரங்கள் ரத்தத்தைத் தரை முழுக்க இழுத்துவிட்டன. இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், போகவில்லை. இனிமேல் நடப்பானாம், ஓடமாட்டானாம்.

யாரோ ஒரு தாய் அதைப் போனில் பிடித்திருக்கிறாள். அதில் என் குரல் கணீரென்று இருக்கிறது. ஊ சான் லின் தன் பட்டறையில் தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். "அடின்னா யைக்" என்று, ஆளை அடிப்பதற்கான பர்மியச் சொல்லை, அவன் சொல்லிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஆட்களுக்கு வீட்டில் தமிழ் மிச்சம் இருப்பதே திட்டுவதற்கும் அடிப்பதற்கும்தானே.

போலீஸ் அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஸயாமா அடிக்கச் சொன்னாள் என்றால் வழக்கு ஸயாமா மேல், ராஜி, சொன்னதைச் செய்த மாணவி மட்டும்தான். சொல்லவில்லை என்றால் பெண் தானாகச் செய்தது, அவளைக் கொண்டுபோய் அடைக்க வேண்டியதுதான். பவுனம்மாள் அக்கா அங்கேயே தரையில் விழுந்து புரண்டாள். நான் ஆமாம், அடிக்கத்தான் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூப்பிடும்போது வரச்சொல்லி விட்டிருக்கிறார்கள்.

ஆகவே வீடியோவை அழி.

ஆண்டாள்

*

விண்ணிப்பெக்
20 ஜூன் 2025

அக்கா,

அழிக்கமாட்டேன்.

உனக்கு என்ன, மூளை கலங்கிவிட்டதா? பதினாறு வயதுப் பெண்ணைச் சில மாதம் அடைப்பார்கள், விடுவார்கள். உன்னை அடைத்தால் விடுவார்களா? ஊ சான் லின் மாதிரி ஆள் கையில் ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்கிறாய்! ஒரு ஆளைக் கேட்டிருக்கலாமே. ஓடிப்போனவனை எதற்குக் கேட்பது என்று நினைத்திருப்பாய். சரி, ஓடிப்போனவன்தான். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் நின்றிருப்பேன், இந்நேரம் ஏதாவது மலையடிவாரத்தில் கண்ணிவெடியில் காலில்லாமல் கிடந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை. திட்டு, பரவாயில்லை.

நான் இங்கே சும்மா உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போன வாரம் ஒரு பையனிடம் முழங்காலை இன்னும் மடக்கு என்றேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அவன் அப்பன் கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கிறான். "என் மகனுக்கு நீ யார்றா சொல்லிக்கொடுக்க?" என்று மூக்கில் ஒன்று விட்டான். நானும் விட்டேன். இரண்டு பேரும் பனிச்சேற்றில் புரண்டோம். பிறகு அவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மகனுக்கு முழங்கால் கொஞ்சம் விறைப்புதான் என்றான். இங்கே ஹாக்கியில் இப்படி ஒரு நாகரிகம். ஜூனில் ஏது பனிச்சேறு என்று கேட்காதே, ஐஸ் மிஷின் சுரண்டி வெளியே கொட்டும் குவியல். மூக்கு இன்னும் வீங்கியிருக்கிறது.

வளையம் விளையாடும் பெண்களுக்கு இங்கே உடம்பில் உடம்பு படவே கூடாது. தோள் இடித்தாலே வெளியே போய் உட்காரவேண்டும். அதுதான் அந்த விளையாட்டின் முதல் விதி. நானும் அதை உன் வளையக்காரிகளுக்கு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லியும் அவள் இடித்தால் அது உன் தப்பா?

அந்தச் சொல்லை நாம் எப்படிப் பிடித்தோம் என்று மறந்துவிட்டாயா? ரயில்வே குடியிருப்பில் அப்பா வாரைக் கழற்றும்போது பக்கத்து வீட்டு அத்தை "டேய், அடி விழப்போகுதுடா!" என்று கத்துவாள். நாம் இரண்டு பேரும் தண்டவாளம் தாண்டி ஓடுவோம். அந்த ஓட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். அடி என்றால் காலடி, அடி என்றால் ஓட்டம். ஊரெல்லாம் அதற்கு வேறு அர்த்தம் இருந்தால் நாம் என்ன செய்வது?

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல். அன்றைக்கு எதைச் சொன்னாய்? காலையா, கையையா?

மோகன்

*

தாகேதா
2 ஜூலை 2025

மோகா,

காலை. காலைத்தான் சொன்னேன். இந்தக் கேள்வியை நீ கேட்டதற்கே உன் மூக்கில் இன்னொன்று விழவேண்டும். அந்த அப்பனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

இதை வலது கையால் எழுதுகிறேன். இடது கை மரப்பலகையில் கட்டிக் கிடக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பகல், வகுப்பு நடக்கும்போது இரண்டு வேன் வந்து நின்றன. இறங்கியவர்கள் கையில் தண்ணீர்க் குழாய்களை வெட்டிய துண்டுகள். ஊ சான் லின் வரவில்லை. அவன் எதற்கு வருவான்? "எவடி அந்தக் கலாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். ராஜியை நான் கோணி அடுக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணெதிரே அலமாரியைக் கவிழ்த்து ஸ்கேட்டுகளை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். நீயும் நானும் சிங்கப்பூர் பழைய சந்தையிலிருந்து தருவித்த சக்கரங்கள் மோகா, ஒன்றுகூட உருளாது இனி.

நான் பேசிப் பார்த்தேன். வழக்கு என் மேல், கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். ஒருவன் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். இன்னொருவன் என் கையைத் தரையில் வைத்து மணிக்கட்டின் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்றான். விறகு முறிகிற மாதிரி முறிந்தது. குனிந்தவன் காது என் வாய்க்கு அருகில் வந்தது. கடித்துவிட்டேன். கடித்ததை விடவில்லை. ஒரு துண்டு வந்துவிட்டது. துப்பினேன், ஒரே உப்பு.

அந்த நேரம் பார்த்து பவுனம்மாள் அக்கா மகளுக்குச் சாப்பாட்டோடு வந்திருக்கிறாள். சந்தையிலிருந்து நேராக வந்ததால் தள்ளுவண்டியில் அடுப்பும் அண்டாவும் இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தாள். கொதிக்கிற மோஹிங்காவை அகப்பை அகப்பையாக மொண்டு அவர்கள் முதுகில் வீசினாள். மீன் குழம்பு ஒட்டினால் லேசில் போகாது. தோலோடு சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். போகிற போக்கில் ஒருவன் குழாயால் அவள் முழங்காலில் போட்டுவிட்டுப் போனான். அவள் கீழே கிடந்துகொண்டு, "இன்னும் பாதி அண்டா இருக்குடா, வாங்கடா!" என்று கத்தினாள். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது ராஜி லத்தாவில், ஜுல்ஃபிகர் கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறாள். அவளைக் காட்டு என்று ஒவ்வொரு நாளும் ஆள் வருகிறது. வழக்கு என் மேல் இருக்கும்வரைதான் அதிகாரி அவர்களைக் கொஞ்சமாவது தடுத்து வைப்பார். அது அவள் மேல் திரும்பினால் நிலையத்துக்குள் வைத்தே அவளைத் தீர்த்துவிடுவார்கள். உன் 'சில மாதம்' கணக்கெல்லாம் கனடாவில்தான் செல்லும்.

என்னை நினைத்து நீ வீடியோவை வைத்திருக்கிறாய், புரிகிறது. என்னை நினைத்தே அழித்துவிடு.

ஆண்டாள்

*

விண்ணிப்பெக்
13 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. மணிக்கட்டைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். பிறகு போய் ஊ சான் லின் கார்க்கடையின் முகநூல் பக்கத்துக்கு வீடியோவை அனுப்பிவிட்டேன். கூடவே எழுதினேன்: என் அக்கா அடிக்கச் சொல்லவில்லை, இது தமிழ், உங்கள் ஆளுக்குத் தமிழ் தெரியவில்லை.

யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கோபத்தில் அனுப்பினேன். உன் எலும்பை முறித்தவனைக் கொல்ல எனக்கு இங்கிருந்து கை நீளவில்லை, நீண்டது அவ்வளவுதான்.

அந்தப் பெண் யார் எனக்கு? நல்லவளாக இருக்கட்டும், வேகக்காரியாக இருக்கட்டும். நான் இல்லாத ஊரில் உனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள் என்று எரிச்சலாகக்கூட இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அவள் சிறையில் கிடக்கும்போது நான் இங்கே மூச்சுவிட முடியாது. நீ என்னைத் தலை முழுகினாலும் சரி, வெளியே இருந்துகொண்டு தலை முழுகு.

அதிகாரி உன்னைக் கூப்பிட்டால் உண்மையைச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

மோகன்

*

காவல் நிலையக் கொட்டடியிலிருந்து
3 ஆகஸ்ட் 2025

மோகா,

பாவி. ஆனாலும் பாவி என்று எழுதும்போதே உன் முகம் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

காவலுக்கு இருக்கும் பெண் நல்லவள். தாள் கொடுத்தாள். ஜுல்ஃபிகர் சாப்பாடு கொண்டு வரும்போது இதை மடித்து எடுத்துப்போவார். நாளை மறுநாள் சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனால் பர்மிய மொழியில் மட்டும்தான் எழுதவேண்டுமாம், படித்துப் பார்த்துதான் அனுப்புவார்களாம். ஆகவே நாம் தமிழில் சண்டை போட இது கடைசி.

உன் வீடியோ வந்ததும் அதிகாரி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். ராஜியையும் கொண்டுவரச் சொன்னார். ஊ சான் லின் பட்டு லுங்கியும் தங்கக் கடிகாரமுமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேசை மேல் போனை வைத்து உன்னை ஓடவிட்டான். உன் முகம் தெரிந்தது. நீ இளைத்துவிட்டாய். "அடின்னா காலடி" என்று நீ சொன்னதும் அவன் நிறுத்தினான்.

"கேட்டீங்களா? இவ சொன்னது காலை. அந்தப் பொண்ணுதான் என் மகனை வேணும்னே உடைச்சது" என்றான். ராஜியைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். வாசலில் நின்ற இரண்டு பேர் உள்ளே ஓர் அடி வைத்தார்கள். அதில் ஒருவனுக்குக் காதில் கட்டு.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஸயாமா, கடைசியா கேக்கறேன். அடின்னா என்ன?"

நான் எழுந்து போய் ஊ சான் லின்னின் வாயில் அறைந்தேன். அறை என்றால் விளையாட்டு அறை இல்லை. முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து எடுத்து, நாற்காலியோடு அவன் பின்னால் சாய்ந்து விழும்படி. உதடு பிளந்துவிட்டது. அவன் மேல் நின்றுகொண்டு, "இதுதான் அடி! இதைத்தான் அவளைச் செய்யச் சொன்னேன். அந்த வீடியோ குழந்தைகளுக்கு!" என்று கத்தினேன். அதிகாரி மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. பார்வை திரும்பிவிட்டது, ஒரு காதில் மட்டும் இரைச்சல். ஆனால் அன்றே ராஜியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடிக்கச் சொன்னவள் நிலையத்திலேயே அடித்துக் காட்டிவிட்டாளே, வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் தலைவலி தீரவில்லை. ஊ சான் லின்னின் வக்கீல் நேற்று வந்து உன் வீடியோவைக் கேட்டு வாங்கிப் போனார். அதை வைத்து ராஜி மேல் தனியாக ஒரு வழக்குப் போடலாமாம். அந்த வீடியோ பொய் என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் நீ ஒருவன்தான். எல்லாம் நடந்த பிறகு, என்னைக் காப்பாற்றுவதற்காக, நீயே எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பின்னால் தெரிவது உன் பனிக்கூடம்தானே, எந்தத் தேதியில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? நீ எழுதினால் என் மேல் உள்ள வழக்கு இறுகிவிடும். அது எனக்குத் தெரியும், நீ விளக்க வேண்டாம்.

எழுதமாட்டாய் என்றும் தெரியும். அதனால் இன்னொன்றும் சொல்கிறேன்.

நிலையத்துக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராஜியைப் பார்க்க ஜுல்ஃபிகர் கடை மாடிக்குப் போனேன். "நீ ஒன்னும் பேசாதே. உனக்கு அந்த வார்த்தை தப்பா புரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா புரியலை ஸயாமா. நீங்க காலைத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியும். நான்தான் அவனை இடிச்சேன். தூண் இருக்கிறதையும் பார்த்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் அறைந்தேன். இவளுக்காகவா என் எலும்பை உடைத்துக்கொண்டேன்! இந்தப் பொய்க்காகவா! அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அப்புறம் ஏன் ஸயாமா சிரிச்சீங்க?"

"எப்போ?"

"அவன் விழுந்தப்போ. நான் முதல்ல உங்களைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீங்க சிரிச்சீங்க. சரியாத்தான் செஞ்சிருக்கோம்னு நினைச்சேன்."

இல்லை என்று சொல்லப் போனேன். அந்தக் கணத்தைப் பின்னோக்கி நினைத்துப் பார்த்தேன். அவன் கால் மடங்கி விழுகிறான். என் கன்னங்கள் விரிகின்றன. என் முகம் அது, மோகா, எனக்கே தெரியாமல் அது சிரித்திருக்கிறது. அவன் வலியில் ஊளையிட்டபோதுதான் மூடிக்கொண்டது.

எத்தனை வருடமாக அந்தப் பிள்ளைகளுக்கு என்னென்னவோ கற்றுக்கொடுக்கிறேன். முழங்கால், விளிம்பு, எடை, மூச்சு. அவர்கள் பார்ப்பது என் முகத்தை.

உன் அக்கா

*

விண்ணிப்பெக்
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

இந்தக் கடிதம் உன்னிடம் வராது. ஜுல்ஃபிகர் இதை ராஜியிடம் கொடுக்கட்டும், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் பவுனம்மாள் அக்கா படித்துச் சொல்லட்டும். சிறைக்குப் பார்க்க வரும்போது உன்னிடம் வாயால் சொல்வார்கள்.

நீ சிரித்தாய் என்று படித்ததும் உடனே நம்பிவிட்டேன். அப்பா ஒருநாள் வாரைச் சுழற்றிக்கொண்டு நம்மைத் துரத்தி வந்து படியில் இடறி உருண்டாரே, வாயில் ரத்தமாக எழுந்தாரே, அன்றைக்கும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அதற்காக இரண்டு பேரும் சேர்ந்து அடி வாங்கினோம். முதல் அடி எனக்கு விழ வந்தபோது நீ முன்னால் வந்து நின்றாய். அப்போது ஏன் சிரித்தாய் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சாமான் வைக்கும் அறைக்கதவை உதைத்து ஓட்டையாக்கிவிட்டேன், சம்பளத்தில் பிடிப்பார்கள். உன்னைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிட்டது. ராஜியையும் திட்டினேன். ராஜி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஆமாம், உன்னையும்தான். தூண் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இடித்திருக்கிறாய். அந்தப் பையன் இனி ஓடமாட்டான். அதை நீ மறந்தால் நான் அங்கே வந்து உன் காலை உடைப்பேன். மறக்காமல் இருந்தால், நசுங்காத ஸ்கேட் எதுவும் மிச்சம் இருந்தால், சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நிறுத்திவிடாதே.

இன்று காலை நகரத்தில் கையெழுத்துச் சான்று செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த வீடியோவை ஜூன் மாதச் சம்பவத்துக்குப் பிறகு நானே எடுத்தேன், அக்காவைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னேன், தமிழில் அடி என்றால் அடிப்பதுதான், வேறு எதுவுமில்லை என்று. இதன் ஒரு பிரதி அதிகாரிக்கும் ஒரு பிரதி அந்த வக்கீலுக்கும் போகிறது. எழுதும்போது 'வேறு எதுவுமில்லை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு எழுதிவிட்டேன்.

மேசைக்குப் பின்னால் வயதான ஓர் அம்மாள் இருந்தாள். முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, இதனால் சிறையில் இருக்கும் என் அக்காவுக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டாள்.

கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மோகன்